முந்நூற்றிநாலுக்காரர் ஒதுக்கும் இருபது கடதாசி

மட்டக்களப்பு மண்டூர்ப் பக்கம் செத்த வீட்டில் இரவு கண்விழிக்க வருகிறவர்கள் பாயை விரித்துக் கடதாசிக் கட்டைக் கையில் எடுத்தால், முதல் வேலை பொறுக்குவதுதான். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு ஆகியவை நாலு இனத்திலும் வெளியே போய்விடும். இருபது கடதாசி போக மிச்சம் முப்பத்திரண்டு. அதில்தான் முந்நூற்றிநாலு ஆடுவார்கள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. ஒதுக்கிய சின்னக் கடதாசிகள் பாயோரத்தில் கிடக்கும். யார் எத்தனை ஆட்டம் வென்றார் என்று எண்ணுவதற்கு உதவும், அவ்வளவுதான்.

கொழும்பில் கசினோ மேசையில் பிளாக்ஜாக் ஆடுகிறவர்கள் அந்த இருபதையும் உள்ளே வைத்துக்கொண்டுதான் ஆடுகிறார்கள். அதுவும் ஒரு கட்டில் அல்ல. ஆறு அல்லது எட்டுக் கட்டுகளைச் சேர்த்துக் கலைத்து, ‘ஷூ’ என்று சொல்லும் பெட்டிக்குள் அடுக்கியிருப்பார்கள். நம்மவர்கள் உதவாதென்று பொறுக்கி எறியும் அந்தச் சின்னக் கடதாசிகள்தான் அங்கே முதலாளிக்குச் சோறு போடுகின்றன. எப்படி என்பதைக் கணக்காகவே சொல்லிவிடலாம். அது விளங்கினால் பிளாக்ஜாக்கில் பாதி விளங்கிவிடும். மற்றப் பாதி, மேசை விரிப்பில் பிரதான பந்தய இடத்துக்குப் பக்கத்தில் அச்சடித்திருக்கும் சின்ன வட்டங்களில் இருக்கிறது.

விதிகள் சுருக்கமாக. ராசா, ராணி, ஜாக் மூன்றுக்கும் மதிப்பு 10. ஆசை 1 என்றும் எடுக்கலாம், 11 என்றும் எடுக்கலாம். உங்களுக்கு இரண்டு கடதாசி, டீலருக்கு இரண்டு. டீலருடையதில் ஒன்று மட்டும் முகம் காட்டி இருக்கும். 21-ஐத் தாண்டாமல் டீலரை விட மேலே நிற்க வேண்டும். உங்களுக்கு விருப்பம் உண்டு. இன்னொன்று கேட்கலாம், போதும் என்று நிற்கலாம். டீலருக்கு விருப்பமே இல்லை. 16 வரை எடுத்தே ஆக வேண்டும், 17 வந்தால் நின்றே ஆக வேண்டும். முதல் இரண்டு கடதாசியிலேயே ஆசும் பத்து மதிப்புள்ள ஒன்றும் வந்தால் அதுதான் பிளாக்ஜாக். அதற்கு 2 ரூபா வைத்தவருக்கு 3 ரூபா லாபம். மற்ற வெற்றிக்கெல்லாம் வைத்த அளவே லாபம்.

குருமண்வெளிக்குப் போகும் ‘பாதை’ என்கிற மிதவையில், வாவியின் நடுவே ஒருமுறை ஒரு பொடியன் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தான். கட்டாரில் வேலை, லீவில் வந்திருந்தான். திரும்பிப் போகிற வழியில் கொழும்பில் ஓர் இரவு தங்க வேண்டும், கூட்டாளிமார் கசினோவுக்குக் கூப்பிடுகிறார்கள்.

“சேர், டீலர் செய்யிற மாதிரியே நானும் செய்தா? பதினாறு வரைக்கும் எடுக்கிறது, பதினேழில நிக்கிறது. ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம். பாதிக்குப் பாதி வரத்தானே வேணும்?”

“வராது மகன். முதல்ல ஆடுறது யாரு?”

பதில் அதற்குள்தான் இருக்கிறது. டீலரின் சட்டப்படி ஆடுகிற எவரும் நூறு ஆட்டத்தில் ஏறத்தாழ 28 தடவை 21-ஐத் தாண்டுவார்கள். நீங்கள் தாண்டினால் அந்த நிமிடமே உங்கள் காசு வழித்தெடுக்கப்படும். அதன்பிறகு டீலரும் தாண்டலாம்; ஆனால் போன காசு திரும்பி வராது. இருவரும் தாண்டும் வாய்ப்பு 28 சதவீதத்தில் 28 சதவீதம், அதாவது ஏறக்குறைய 8 சதவீதம். மேசைச் சொந்தக்காரனின் ஆணிவேர் இந்த எட்டுத்தான். ஏமாற்று எதுவும் தேவையில்லை, இரகசியக் கண்ணாடி தேவையில்லை. இரண்டாவதாக ஆடினால் போதும்.

எதிர்ப்பக்கத்தில் ஆட்டக்காரனுக்கு ஒரு வரவு இருக்கிறது. பிளாக்ஜாக்குக்குக் கிடைக்கும் அந்த ஒன்றரை மடங்கு. ஆறு கட்டில் பிளாக்ஜாக் வரும் வாய்ப்பு 4.75 சதவீதம். டீலருக்கும் அதே நேரத்தில் வந்து சமனாகும் தடவைகளைக் கழித்தால் நாலரை. ஒவ்வொன்றிலும் அரைப் பங்கு கூடுதல் லாபம் என்றால் நூற்றுக்கு இரண்டே கால் ரூபா. எட்டில் அதைக் கழித்துப் பாருங்கள். பொடியன் சொன்ன வழியில் ஆடினால், பந்தயமாக வைக்கும் ஒவ்வொரு நூறு ரூபாவிலும் சராசரியாக ஐந்தரை ரூபா போகும்.

இப்போது முந்நூற்றிநாலுக் கட்டை எடுத்து அதே ஆட்டத்தை ஆடிப் பார்ப்போம். முப்பத்திரண்டில் ஆசு நாலு, பத்து மதிப்புள்ளவை பதினாறு. பிளாக்ஜாக் வரும் வாய்ப்பு 4.8-இலிருந்து 12.9 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது. முழுக் கட்டில் இருபத்தோர் ஆட்டத்துக்கு ஒன்று என்றால் இங்கே எட்டுக்கு ஒன்று. டீலருக்கும் அதே வீதத்தில்தான் வரும். ஆனால் அவருக்கு வந்தால் உங்களுக்கு நட்டம் ஒரு பங்கு, உங்களுக்கு வந்தால் லாபம் ஒன்றரைப் பங்கு. சமனாவதைக் கழித்த பிறகும் உங்கள் வரவு 5.8 சதவீதம். செலவுப் பக்கம்? ஏழுக்குக் கீழே எதுவுமில்லாத கட்டில் முதலிரண்டு கடதாசியே பெரும்பாலும் 17-ஐத் தொட்டுவிடும். இரண்டையும் கூட்டி 14, 15, 16 என்ற இக்கட்டில் மாட்டும் ஆட்டங்கள் நூற்றுக்கு ஒன்பதுதான். ஆகவே தாண்டுவதே அபூர்வம், இருவரும் சேர்ந்து தாண்டுவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. கூட்டிக் கழித்தால் பொடியனின் மோட்டுத்தனமான முறையிலேயே அவன் நூற்றுக்கு ஐந்து ரூபா அளவில் லாபத்தில் நிற்பான். வித்தியாசமெல்லாம் அந்த இருபது கடதாசியில் இருக்கிறது.

முழுக் கட்டில் இந்த ஐந்தரையைக் குறைக்க முடியுமா என்று முதன்முதலாக ஒழுங்காகக் கணக்குப் போட்டவர்கள் கசினோக்காரரோ சூதாடிகளோ அல்லர். அமெரிக்க இராணுவத்தின் அபர்டீன் ஆயுதப் பரிசோதனைத் தளத்தில் இருந்த நாலு பேர்: போல்ட்வின், கான்டி, மைசெல், மக்டேர்மட். கணினி அல்ல, மேசையில் வைக்கும் கணக்குப் பொறியைத் தட்டித் தட்டி, ஒன்றரை ஆண்டு போல உழைத்து, 1956-இல் அமெரிக்கப் புள்ளிவிபரச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்டார்கள். டீலரின் திறந்த கடதாசியைப் பார்த்து ஆடு என்பதே அவர்கள் கண்டதன் சாரம். டீலர் 6 காட்டினால் அவர் தாண்டும் வாய்ப்பு 42 சதவீதம். அந்த நேரத்தில் உங்களிடம் 13 இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஆபத்தை அவர் தலையில் போட வேண்டும். அவர் 10 காட்டினால் தாண்டும் வாய்ப்பு அதில் பாதிதான். அப்போது நீங்கள்தான் ஆபத்தை எடுத்தாக வேண்டும். எப்போது நிற்பது என்ற இந்த ஒரே அறிவு ஐந்தரையில் மூன்றுக்கு மேல் வெட்டிவிடுகிறது. 11 வந்தால் பந்தயத்தை இரட்டிப்பது போன்றவை இன்னும் ஒன்றரை. எட்டும் எட்டும், ஆசும் ஆசும் வந்தால் இரண்டு கையாகப் பிரிப்பது ஓர் அரை. எஞ்சுவது, விதிகள் நல்லதாக இருந்தால், அரைச் சதவீதம் அளவில். கசினோவில் உள்ள ஆட்டங்களில் இவ்வளவு குறைந்த பிடித்தம் அபூர்வம்.

இதிலே ஒரு கை மட்டும் எல்லோரையும் அழவைக்கும். உங்களிடம் 16, டீலரிடம் 10. எடுத்தால் தாண்டிவிடும் என்று நெஞ்சு சொல்லும், நின்றால் டீலர் 17-க்கு மேல் வைத்திருப்பார் என்று மூளை சொல்லும். இரண்டுமே சரி. எடுத்தாலும் நின்றாலும் நூறு ரூபாவுக்குச் சராசரி நட்டம் 54 ரூபா. வித்தியாசம் சில சதங்கள், எடுப்பவருக்குச் சாதகமாக. மேசையில் இதற்காக மல்லுக்கு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பியான இரண்டு நட்டங்களில் எது மூத்தது என்று சண்டை.

இனி எண்ணும் கதை. முந்நூற்றிநாலில் துரும்பு ஜாக் போய்விட்டதா, ஒன்பது யார் கையில் என்று நினைவில் வைக்காதவனை யாரும் கூட்டாகச் சேர்க்கமாட்டார்கள். போனது என்னவென்று தெரிந்தால் இருப்பது என்னவென்று தெரியும். எட்வர்ட் தோர்ப் என்ற கணித ஆசிரியர் 1960 வாக்கில் எம்.ஐ.டி.யில் இருந்த ஐ.பி.எம். 704 கணினியில் கேட்டதும் இதைத்தான். ஒரு கட்டிலிருந்து குறித்த ஒரு கடதாசி போய்விட்டால் மிச்சக் கட்டு யாருக்குச் சாதகம்? ஒரே கட்டில் ஓர் ஐந்து போனால் ஆட்டக்காரனுக்கு முக்கால் சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான நன்மை. ஓர் ஆசு போனால் ஏறக்குறைய அதே அளவு தீமை. மிகவும் கொடிய கடதாசி எதுவென்றால் ஐந்துதான். டீலரின் 12 முதல் 16 வரையான எல்லா இக்கட்டையும் அது 17-க்கும் 21-க்கும் இடையே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பின்னர் ஹார்வி டப்னர் என்பவர் 1963-இல் எளிமையாக்கிக் கொடுத்த எண்ணும் முறையில், 2 முதல் 6 வரை எது போனாலும் ஒன்று கூட்டு. பத்து மதிப்பு அல்லது ஆசு போனால் ஒன்று கழி. 7, 8, 9 கணக்கில் இல்லை. கூட்டல் ஏறினால் பந்தயத்தைப் பெருக்கு. கூட்டல் பக்கத்தில் இருப்பவை எவையென்று பாருங்கள். பாயோரத்தில் கிடக்கும் அதே இருபது.

தோர்ப் 1962-இல் எழுதிய புத்தகம் வந்தபின் கசினோக்கள் பதறின. அவர் அதற்கு முன்பே, மற்றவர்களின் பத்தாயிரம் டொலருடன் நெவாடாவுக்குப் போய்ச் சில நாளில் ஏறத்தாழ இரட்டிப்பாக்கிவிட்டு வந்திருந்தார். மேலும் கட்டுகளைச் சேர்ப்பது, ஷூவின் பாதியிலேயே நிறுத்திக் கலைப்பது, எண்ணுகிறவரை வெளியே அனுப்புவது எல்லாம் அதற்கான பதில்கள். கென் உஸ்டன் என்ற ஆட்டக்காரர் வழக்காடி, எண்ணுகிறார் என்பதற்காக ஒருவரைக் கசினோ தானாகத் தடுக்க முடியாது என்று 1982-இல் நியூ ஜேர்சி உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினார். ஆனால் போன கடதாசிகளை உடனுக்குடன் உள்ளே இழுத்துத் தொடர்ந்து கலைக்கும் இயந்திரம் வந்தபிறகு தீர்ப்புக்கே வேலையில்லாமல் போயிற்று. போனது என்று ஒன்று இல்லாதபோது எதை எண்ணுவது?

பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் கோயில் சடங்கைப் பார்த்து வளர்ந்த நமக்குச் சூதாட்டக் கதை என்றால் தருமர்தான் நினைவுக்கு வருவார். கணக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் நளன் கதையைச் சொல்வேன். இருதுபன்னனுக்குத் தேரோட்டிய நளன், அந்த அரசன் வழியில் நின்ற தான்றி மரத்தின் இலையையும் காயையும் ஒரு பார்வையில் கணக்கிட்டுச் சொன்னதைக் கண்டு வியந்து, குதிரை வித்தையைக் கொடுத்துச் சூதின் வித்தையை வாங்கிக்கொள்கிறான். காயை எண்ணும் அறிவும் சூதாட்ட அறிவும் ஒன்றே என்று அந்தக் கதையைக் கட்டியவருக்குத் தெரிந்திருக்கிறது. வாய்ப்பியலின் தோற்றத்தைப் பற்றி எழுதிய மெய்யியலாளர் இயன் ஹாக்கிங்கும் 1975-இல் வந்த தன் நூலில் இந்தக் கதையை எடுத்துப் பேசியிருக்கிறார்.

எண்ணுவதை அடைத்தாயிற்று, சராசரி ஆட்டக்காரனும் கொஞ்சம் கற்றுக்கொண்டான். கசினோவுக்கு லாபம் எங்கே? விதியை மாற்றுவதில். பிளாக்ஜாக்கின் புதுவகைகள் எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்புத்தான்: கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் ஒன்றைக் கொடுப்பது, கணக்குக்குப் பெரிதான ஒன்றை எடுப்பது. ‘டபுள் எக்ஸ்போஷர்’ என்பதில் டீலரின் இரண்டு கடதாசியையும் திறந்தே காட்டுவார்கள். பதிலுக்குச் சமனானால் டீலருக்கே வெற்றி, பிளாக்ஜாக்குக்கு ஒன்றரை கிடையாது. ‘ஸ்பானிஷ் 21’-இல் உங்கள் 21 எப்போதும் வெல்லும், விதவிதமான ஊக்கப்பணமும் உண்டு; பதிலுக்கு ஒவ்வொரு கட்டிலும் நாலு பத்தையும் பிடுங்கி 48-ஆக்கிவிடுவார்கள். முந்நூற்றிநாலுக்கு நேர் எதிரான பொறுக்கல். ‘பிளாக்ஜாக் சுவிட்ச்’ இரண்டு கைகளை ஆடவிட்டு அவற்றுக்கிடையே இரண்டாவது கடதாசியை மாற்றிக்கொள்ள அனுமதிக்கிறது. மற்ற மேசையில் இப்படிச் செய்தால் பிடரியில் பிடித்து வெளியே தள்ளுவார்கள். இங்கே அது சட்டம். பதிலுக்கு, டீலர் 22 எடுத்தால் உங்களுக்கு வெற்றி இல்லை, சமன் மட்டுமே. டீலர் சரியாக 22-இல் போய் நிற்பது நூறு ஆட்டத்தில் ஏழு தடவை. அந்த ஏழும், பிளாக்ஜாக்குக்கு இழந்த அரைப் பங்கும் சேர்ந்து மாற்றிக்கொள்ளும் சலுகைக்கு விலை கொடுத்துவிடுகின்றன.

இவற்றிலாவது கொடுக்கல் வாங்கல் ஓரளவு நியாயம். தனக்குரிய முறையைப் படித்து ஆடினால் பிடித்தம் ஒரு சதவீதத்துக்குள் நிற்கும். எனக்கு ஆத்திரம் வருவது ஒன்றையுமே கொடுக்காமல் எடுக்கும் மாற்றத்தைக் கண்டால். மேசை விரிப்பில் பிளாக்ஜாக்குக்கு ‘3க்கு 2’ என்று எழுதியிருந்த இடத்தில் ‘6க்கு 5’ என்று எழுதியிருப்பார்கள். இலக்கம் பெரிதாயிற்றே, நல்லதுதானே என்று தோன்றும். 3,000 ரூபா வைத்தவருக்குப் பழைய விதியில் லாபம் 4,500, புதிய விதியில் 3,600. இருபத்திரண்டு ஆட்டத்துக்கு ஒருமுறை 900 ரூபா குறைகிறது. சதவீதமாக 1.36. அரையாக இருந்த பிடித்தம் ஏறக்குறைய நாலு மடங்காகிவிட்டது, ஒரேயொரு எழுத்து வேலையில்.

சின்ன வட்டங்களுக்கு வருவோம். பக்கப் பந்தயங்கள் என்பவை இவை. பிரதான ஆட்டம் தொடங்குமுன் தனியாக ஒரு சின்னத் தொகை வைக்கிறீர்கள். உதாரணத்துக்கு ‘பேர்ஃபெக்ட் பெயார்ஸ்’. உங்கள் முதலிரண்டு கடதாசியும் சோடியாக வரவேண்டும். எண்ணும் இனமும் ஒன்றாயிருந்தால், அதாவது ஆடுதன் எட்டும் ஆடுதன் எட்டும், 25 மடங்கு. நிறம் மட்டும் ஒன்றானால் 12. நிறமும் வேறானால் 6. பலகையில் 25 என்ற இலக்கம் பளபளக்கும்.

கணக்குப் போட ஒரு தாளின் மூலை போதும். ஆறு கட்டு, உங்கள் முதல் கடதாசி ஆடுதன் எட்டு. மிச்சம் 311. அதிலே ஆடுதன் எட்டு இன்னும் 5, டைமன் எட்டு 6, கறுப்பு எட்டு 12. ஐந்தை 25-ஆலும், ஆறை 12-ஆலும், பன்னிரண்டை 6-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 269. தோற்கும் வழிகள் 288. வித்தியாசம் 19, அதை 311-ஆல் வகுத்தால் 6.1 சதவீதம் கசினோவுக்கு. எட்டுக் கட்டானால் இதே கணக்கு 4.1 சதவீதம் தரும். இரண்டே கட்டில் இதே பலகையை மாட்டினால்? மிச்சம் 103-இல் ஒன்று, இரண்டு, நாலு. வரவு 73, செலவு 96. பிடித்தம் 22 சதவீதம்! பலகையில் ஓர் இலக்கமும் மாறவில்லை. பிரதான ஆட்டத்தில் கட்டு குறைந்தால் ஆட்டக்காரனுக்கு நல்லது என்று கேள்விப்பட்டவர், இரண்டு கட்டு மேசையைத் தேடிப் போய் இந்த வட்டத்திலும் காசு வைத்தால் நிலைமை இதுதான்.

‘21+3’ என்ற மற்றொன்றில் உங்கள் இரண்டும் டீலரின் திறந்த ஒன்றும் சேர்ந்து, மூன்றும் ஒரே இனமாகவோ தொடராகவோ ஒரே எண்ணாகவோ வரவேண்டும். வந்தால் 9 மடங்கு. ஆறு கட்டில் மூன்று கடதாசியை எடுக்க 50,13,320 வழிகள், வெல்பவை 4,85,096. பத்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. பிடித்தம் 3.2 சதவீதம். பக்கப் பந்தயங்களுக்குள் இது ஓரளவு மரியாதையானது. மகாஜன சம்பத சுவீப் டிக்கெட்டின் பெரும்பரிசுக்கு ஓர் எழுத்தும் ஆறு இலக்கமும் பொருந்த வேண்டும், அதாவது இரண்டு கோடியே அறுபது லட்சத்தில் ஒன்று. அதோடு ஒப்பிட்டால் இவையெல்லாம் தானதருமம் போலத் தெரியும். ஆனால் டிக்கெட்டை மணிக்கு அறுபது தடவை யாரும் வாங்குவதில்லை.

பக்கப் பந்தயங்களில் மூத்ததும், பந்தயம் என்றே பலருக்குத் தெரியாததும் ‘இன்சூரன்ஸ்’. டீலர் ஆசு காட்டுகிறார். உள்ளங்கையால் விரிப்பை ஒரு வீச்சுத் தடவி, “இன்சூரன்ஸ்?” என்று கேட்பார். உங்கள் பந்தயத்தில் பாதியை முன்னே தள்ளினால், அவரது மறைந்த கடதாசி பத்தாக இருக்கும் பட்சத்தில் இரண்டு மடங்கு கிடைக்கும். பிரதான பந்தயத்தின் நட்டத்தை அது சரிக்கட்டிவிடும். பெயரைக் கேட்டால் பாதுகாப்பு மாதிரி. உண்மையில், மறைந்தது பத்தா இல்லையா என்ற தனிப் பந்தயம்தான். உங்கள் கையைக் கணக்கில் எடுக்காவிட்டால் 311-இல் பத்து 96, மற்றவை 215. வரவு 192, செலவு 215. பிடித்தம் 7.4 சதவீதம். இதை யார் அதிகம் வாங்குகிறார்கள்? நல்ல கை வைத்திருப்பவர்கள். இரண்டு ராசாவோடு 20 வைத்திருப்பவருக்கு அதை இழக்க மனம் வராது. ஆனால் அவர் கையிலேயே இரண்டு பத்து இருக்கிறது; மிச்சம் 309-இல் 94 மட்டுமே. பிடித்தம் 8.7-க்கு ஏறிவிடுகிறது. காப்புறுதி வேண்டுமென்று மனம் மிகவும் துடிக்கும் கையில்தான் அது மிகவும் நட்டம். எண்ணத் தெரிந்தவர் மட்டும், எஞ்சிய கட்டில் மூன்றில் ஒன்றுக்கு மேல் பத்து என்று தெரியும் வேளையில் இதைத் துணிந்து வாங்குவார்.

இதையெல்லாம் ஒரு மணித்தியால ரூபாக் கணக்காக மாற்றிப் பார்ப்போம். கை ஒன்றுக்கு 3,000 ரூபா, மணிக்கு அறுபது கை என்று வைப்போம். நல்ல விதி, சரியான ஆட்டம். சராசரி நட்டம் மணிக்கு 900 ரூபா. 6க்கு 5 மேசையானால் அதோடு இன்னும் 2,450. ஒவ்வொரு கைக்கும் 1,000 ரூபாவைச் சோடி வட்டத்தில் வைத்தால் கூடவே 3,660. மூன்றில் ஒரு பங்கு அளவேயுள்ள சின்னப் பந்தயம், பெரிய பந்தயத்தை விட நாலு மடங்கு சாப்பிடுகிறது.

ஆனால் யாரும் சராசரியை அனுபவிப்பதில்லை. பிளாக்ஜாக்கில் ஒரு கையின் ஏற்ற இறக்கம், புள்ளியியலில் நியமவிலகல் என்பது, பந்தயத்தின் 1.15 மடங்கு அளவில். அறுபது கைக்கு அதை அறுபதின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். 3,000 ரூபா ஆட்டத்துக்கு 26,700 ரூபா வரும். 900 ரூபா நட்டம் அதற்குள் முப்பதில் ஒரு பங்கு, அலைக்குள் கரைந்துபோன சிறு நீரோட்டம். அதனால்தான் ஊருக்குத் திரும்பிவரும் பொடியன்களில் பாதிக்குப் பாதி பேர் வென்றேன் என்று சொல்ல முடிகிறது. பொய் சொல்லவில்லை. ஆயிரம் பேரின் மேசையைப் பார்க்கும் முதலாளிக்குத்தான் நீரோட்டம் மட்டும் தெரியும்.

இலங்கையிலே இன்னொரு பிடித்தம் இருக்கிறது. வழக்கமான பிளாக்ஜாக் புத்தகக் கணக்கில் அது வராது. பொது இடத்தில் பணம் வைத்துக் கடதாசி ஆடினால் 1889-ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம் குற்றம் என்றது. கொழும்புக் கசினோக்களுக்கு 2010-இல் தனிச்சட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் ஜோன் கீல்ஸ், மெல்கோ நிறுவனங்கள் சேர்ந்து கொழும்பில் சிற்றி ஒஃப் ட்ரீம்ஸ் கசினோ விடுதியைப் பெரிய அளவில் திறந்தன. அதே ஆண்டில் இலங்கைக் குடிமக்கள் கசினோவுக்குள் நுழைவதற்கான வரி 50 டொலரிலிருந்து 100 டொலராக்கப்பட்டது. டொலர் 300 ரூபா என்று வைத்தால் 30,000 ரூபா, ஒரு கடதாசியைத் தொடுமுன்.

அரைச் சதவீதப் பிடித்தத்தில் 30,000 ரூபா நட்டப்பட வேண்டுமென்றால் 60 லட்சம் ரூபாவுக்குப் பந்தயம் வைக்க வேண்டும். 3,000 ரூபா ஆட்டக்காரருக்கு அது 2,000 கை, முப்பத்து மூன்று மணித்தியாலத்துக்கு மேல். போல்ட்வின் கூட்டத்தின் ஒன்றரை ஆண்டு உழைப்பு மிச்சம்பிடித்துத் தந்த ஐந்து சதவீதத்தை ஒரே இரவுக்குப் போகும் நம்மவர் வாசலிலேயே கட்டிவிடுகிறார். வரியின் நோக்கம் உள்ளூர்க்காரரைத் தடுப்பதுதான் என்றால் எனக்கு முறைப்பாடு இல்லை. அவரைத் தள்ளிநிறுத்த இதைவிட நேரடியான வழி கிடையாது. ஆனால் உள்ளே போனவருக்கு அது ஒரு வேகத்தையும் கொடுத்துவிடுகிறது. கட்டியதை எடுக்க வேண்டும் என்ற வேகம். ஒரு மணி நேரம் ஆடி வெளியே வருபவர்களில் வாசல் காசையும் மீட்டு வருபவர் எட்டில் ஒருவர். நாலு மணி நேரம் இருந்தால் நாலில் ஒருவர். பெரிய பந்தயம் வைத்தால் இந்த வாய்ப்புப் பாதியை நோக்கி ஏறும், கூடவே ஒரே இரவில் ஒரு வருடச் சம்பளம் போகும் வாய்ப்பும் ஏறும். 25 மடங்கு என்று பளபளக்கும் வட்டம் கண்ணில் படுவது அப்போதுதான்.

வாசலில் பேரம் பேசி வென்ற ஒருவரும் இருக்கிறார். டொன் ஜோன்சன் என்ற அமெரிக்கர் 2011 வாக்கில் அட்லாண்டிக் சிற்றியின் மூன்று கசினோக்களில் சில மாதங்களுக்குள் ஒன்றரைக் கோடி டொலர் அளவில் வென்றார். எண்ணவில்லை, பக்கப் பந்தயத்தைத் தொடவில்லை. வியாபாரம் படுத்திருந்த அந்த நாளில், விதிகளைத் தனக்குச் சாதகமாகத் திருத்தவும், பெரிதாகத் தோற்றால் நட்டத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தரவும் நிர்வாகத்தைச் சம்மதிக்க வைத்த பிறகே மேசைக்குப் போனார். ஒரு கைக்கு ஒரு லட்சம் டொலர் வைக்கிறவரோடு மட்டும் இந்தப் பேரத்துக்கு உட்காருவார்கள்.

நம் வாசலில் வாங்கும் அந்த 100 டொலர் வரி இலங்கைக் குடிமக்களுக்குத்தான். ஆகவே கனடாக் கடவுச்சீட்டோடு மண்டூர்த் திருவிழாவுக்கு வரும் மச்சான் கொழும்பில் வாசல் காசு இல்லாமல் உள்ளே போவார்; அவரோடு கூடப் போகும், அடையாள அட்டைக்காரரான மச்சான் 30,000 கட்டிவிட்டுப் போவார். உள்ளே இருவருக்கும் ஒரே மேசை, ஒரே ஷூ, ஒரே அரைச் சதவீதம். பாதையில் கேட்ட பொடியனிடம் கட்டாரில் வேலை செய்யும் அனுமதி மட்டும் இருந்தது, கடவுச்சீட்டு இலங்கையுடையது. வாசல் காசைச் சொன்னதும் அவன் தலையில் கைவைத்துவிட்டு, “அப்ப நான் வெளியில நிண்டு தேத்தண்ணி குடிக்கிறன் சேர், அவனுகள் போய்ட்டு வரட்டும்” என்றான்.